இப்னு பதூதா வீடு திரும்பிய பாதை: சீனத் துறைமுகத்திலிருந்து தான்ஜியர் வரை

உலகம் சுற்றிய முஸ்லிம் பயணி என்றதும் பாடப்புத்தகத்திலும் மேடைப் பேச்சிலும் முதலில் வரும் பெயர் இப்னு பதூதா. அவர் எங்கெல்லாம் போனார் என்பது பலருக்கும் தெரியும். எப்படித் திரும்பி வந்தார் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. 1325-இல் 21 வயது இளைஞராக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், 1349 நவம்பரில் 45 வயதில் மொரோக்கோவின் ஃபாஸ் நகரை அடைந்தார். சீனாவிலிருந்து திரும்பும் வழிக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன.

நம் ஊர்களில் சபுராளி இல்லாத தெருவே கிடையாது. வாப்பாவின் மவ்த்துச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டவர்களும், ஜனாஸாவுக்கு வந்து சேர முடியாதவர்களும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு இப்னு பதூதாவின் பயணத்தில் அதிகம் நெருக்கமான பகுதி அவர் திரும்பி வந்த வழிதான். அந்த வழியை ஊர் ஊராக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

யார் இந்த இப்னு பதூதா?

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா 1304 பிப்ரவரியில் (ஹிஜ்ரி 703, ரஜப்) மொரோக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்தார். காழிகளைத் தந்த குடும்பம். மாலிகி மத்ஹபில் சட்டக் கல்வி பயின்றவர். 1325 ஜூன் 14 அன்று, ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2-இல், தாய் தந்தை இருவரும் உயிரோடு இருக்கையில், துணைக்கு ஆளில்லாமல் தனியாகப் புறப்பட்டார். அவர்களைப் பிரிவது தமக்குப் பெரும் துயரமாக இருந்தது என்று பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்.

ஹஜ்ஜை முடித்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. இராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்காவின் கில்வா, இன்றைய துருக்கி, மத்திய ஆசியா வழியாகச் சென்று 1333-இல் சிந்து நதியை அடைந்தார். தில்லியில் சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். பல ஆண்டுகள் அங்கேயே கழிந்தன.

நண்பர்களின் ஸலாமைச் சுமந்தவர்

இவ்வளவு தூரம் போக அவரைத் தூண்டியவற்றுள் ஒன்று 1326-இல் எகிப்தின் இஸ்கந்தரிய்யா (அலெக்சாண்டிரியா) நகரில் நடந்தது. அங்கே புர்ஹானுத்தீன் என்ற பெரியவர் வீட்டில் மூன்று நாள் விருந்தாளியாகத் தங்கினார். இளைஞருக்குப் பயண ஆசை இருப்பதைக் கண்ட அவர், இந்தியாவில் ஃபரீதுத்தீன், சிந்துவில் ருக்னுத்தீன், சீனாவில் புர்ஹானுத்தீன் என்று தம் சகோதரர்கள் மூவரைப் பெயர் சொல்லி, அவர்களைக் கண்டு தம் ஸலாமைச் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொண்டார்.

அதுவரை இந்தியாவோ சீனாவோ இப்னு பதூதாவின் நினைப்பிலேயே இல்லை. ஆனாலும் அந்த மூவரையும் சந்தித்து ஸலாமைச் சொன்ன பிறகே தம் பயணம் ஓய்ந்தது என்று அவர் எழுதுகிறார்.

அன்று பாஸ்போர்ட்டும் வங்கியும் கிடையாது. ஆயினும் ஒருவர் கண்டம் விட்டுக் கண்டம் போய் வர முடிந்ததென்றால் அதற்கு இத்தகைய அறிமுகங்களே காரணம். ஓர் ஊரின் காழி அடுத்த ஊரின் காழிக்குச் சொல்லி அனுப்புவார். வழிப்போக்கர்கள் இலவசமாகத் தங்க ஸாவியாக்கள், தைக்காக்கள் இருந்தன. குர்ஆனும் அரபு மொழியும் தெரிந்தவருக்கு எந்தத் துறைமுகத்திலும் பேச்சுத் துணை கிடைத்தது. வணிகர்கள் கடன் கொடுத்தார்கள், கப்பலில் இடம் கொடுத்தார்கள். இப்னு பதூதாவின் 24 ஆண்டு வாழ்க்கை பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் வீட்டுத் திண்ணையிலும் விருந்துத் தட்டிலும்தான் நடந்தது.

கள்ளிக்கோட்டையில் முறிந்த கப்பல்

1342-ஐ ஒட்டி, சீனப் பேரரசருக்குப் பரிசுகளைக் கொண்டு செல்லும் தூதராகத் தில்லி சுல்தான் அவரை அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பல்கள் காத்திருந்தன. அந்தப் பெரிய ஜங்க் கப்பல்களுக்கு நான்கு தளங்கள்; வணிகர் குடும்பத்தோடு தங்கத் தனி அறைகள், அறைக்குள்ளேயே கழிவறை; மாலுமிகள் மரத்தொட்டிகளில் இஞ்சியும் கீரையும் வளர்த்தார்கள் என்கிறார்.

ஜுமுஆ தொழுகைக்காக இப்னு பதூதா கரையில் தங்கிவிட்டார். பிறகு கடல் கொந்தளித்தது. பரிசுப் பொருட்கள் இருந்த கப்பல் கரையில் மோதி நொறுங்கிப் பலர் மாண்டனர். அவருடைய சொந்தப் பொருட்கள் ஏற்றப்பட்டிருந்த சிறிய கப்பல் அவரை விட்டுவிட்டே பாய் விரித்துச் சென்றது. கையில் மிஞ்சியவை பத்து தீனாரும் ஒரு விரிப்பும்.

தூது தோற்றுவிட்டது. பரிசுகளை விட்டு ஏன் பிரிந்தாய் என்று கேட்கக்கூடிய கடுமையான சுல்தான் தில்லியில் இருந்தார். ஆகவே அங்கே திரும்பிப் போகும் துணிவு அவருக்கு வரவில்லை. பிழைக்க வழி தேடி மாலத்தீவு சென்றார். அங்கும் காழியானார், மணம் முடித்தார். பிறகு இலங்கை சென்று பாவா ஆதம் மலையின் பாதச்சுவட்டைக் கண்டார்.

மஅபரில் சகலை வீடு

இலங்கையிலிருந்து வந்த கப்பல் புயலில் சிக்கியதால் இப்னு பதூதா தமிழகக் கரையில் ஒதுங்கினார். அரபுகள் மஅபர் என்று அழைத்த பகுதி அது. 1330-களில் தில்லியிலிருந்து பிரிந்து மதுரையைத் தலைநகராகக் கொண்ட ஒரு சுல்தானகம் அங்கே ஆண்டு வந்தது. அதை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளைத்தான் இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். அன்று அரியணையில் இருந்த கியாதுத்தீன் தாமகானியின் மனைவி அந்தப் பெண்ணின் சகோதரி. ஆக, மதுரை சுல்தான் அவருக்குச் சகலை முறை.

உறவு என்பதற்காக அவர் உண்மையை மறைக்கவில்லை. போரில் பிடிபட்ட மக்களையும், அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சுல்தான் கொன்றதைக் கண்டு வெறுத்துப்போனதாகவும், வேறெந்த அரசரிடமும் அத்தகைய செயலைக் கண்டதில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். அந்த அநியாயத்தாலேயே சுல்தானின் முடிவு விரைந்து வந்தது என்பது அவர் கருத்து.

மதுரையை அடைந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர்கள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இறந்தார்கள். சுல்தானும் சிறிது காலத்தில் மரணமடைந்தார். இப்னு பதூதாவையும் கடும் காய்ச்சல் பிடித்தது. பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். அங்கே தாராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததும் மூன்று நாள் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, அல்லாஹ் குணமளித்தான் என்று பதிவு செய்கிறார். அதன்பின் ஒரு நாளும் அங்கே தங்க மனமில்லாமல், பத்தன் என்று அவர் குறிப்பிடும் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார்.

மலபார்க் கரையில் கடற்கொள்ளையர் பன்னிரண்டு கப்பல்களில் வந்து சூழ்ந்தனர். இலங்கை மன்னர் தந்த முத்துகளும் மாணிக்கங்களும் பறிபோயின. காற்சட்டை ஒன்றுடன் கரையில் விடப்பட்டார். கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஓர் ஆலிம் ஆடை அனுப்பினார், காழி தலைப்பாகை அனுப்பினார், வணிகர் ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார்.

சீனாவில் ஓர் ஊர்க்காரர்

மாலத்தீவில் பிறந்திருந்த மகனை ஒருமுறை சென்று பார்த்துவிட்டு, தாயிடமே விட்டுவிட்டு, வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனாவின் ஸைத்தூன் துறைமுகத்தை அடைந்தார். அதுதான் இன்றைய சுவான்ஜோ. இஸ்கந்தரிய்யாப் பெரியவர் சொல்லி அனுப்பிய புர்ஹானுத்தீனை அங்கே சந்தித்தார்.

சீனாவின் செல்வமும் ஒழுங்கும் அவரை வியக்கவைத்தன. ஆனால் மனம் ஒட்டவில்லை. வெளியே போகவே பிடிக்காமல் பெரும்பாலும் தங்குமிடத்திலேயே இருந்ததாகவும், முஸ்லிம்களைக் கண்டால் சொந்தக் குடும்பத்தைக் கண்டதுபோல் இருந்ததாகவும் சொல்கிறார்.

கன்ஜன்ஃபூ என்று அவர் பெயரிடும் நகரில் ஒரு நாள் கிவாமுத்தீன் என்ற மதிப்புமிக்க ஆலிம் அவரைக் காண வந்தார். பேச்சுக்கிடையே அவர் முகத்தையே இப்னு பதூதா உற்றுப் பார்த்தார். எந்த ஊர் என்று விசாரித்தபோது அவர் செப்தாக்காரர் என்று தெரிந்தது. செப்தா, தான்ஜியருக்குப் பக்கத்து ஊர். இவர் தம் ஊரைச் சொன்னதும் அவர் அழுதார், இவரும் அழுதார். தில்லியில் மீசை முளைக்காத இளைஞராக இவர் பார்த்திருந்த அல் புஷ்ரிதான் அவர். சீனாவில் பெரும் செல்வராகியிருந்தார். பதினைந்து நாள் அவரோடு தங்கிய பிறகு, பரிசுகள் தந்து, சில நாள் தொலைவு உடன் வந்து வழியனுப்பினார்.

சில ஆண்டுகள் கழித்து, 1352-இல், சஹாரா பாலைவனத்தின் விளிம்பிலுள்ள சிஜில்மாஸா நகரில் இப்னு பதூதா ஒரு வீட்டில் தங்க நேர்ந்தது. அது அல் புஷ்ரியின் உடன்பிறந்த சகோதரர் வீடு. ஒருவர் சீனக் கரையில், இன்னொருவர் ஆப்பிரிக்கப் பாலையில். அந்த இடைவெளியை எண்ணி அவர் வியந்ததும் நூலில் இருக்கிறது.

கடல் வழி: காற்றுக்குக் காத்திருந்த காலம்

பாய்மரக் காலத்தில் பயண நாளைக் காற்று தீர்மானித்தது. ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று சீனாவிலிருந்து தெற்கேயும், இந்தியக் கரையிலிருந்து அரேபியாவுக்கும் கப்பலைத் தள்ளிச் செல்லும். ஜூன் முதல் வீசும் தென்மேற்குக் காற்று எதிர்த்திசைக்கு உதவும். அதன் உச்சத்தில் மலபார்த் துறைமுகங்கள் மூடிக்கிடக்கும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பயணி ஒருவர் ஓர் ஊரில் பல மாதம் தங்கியதற்குக் காரணம் பல நேரங்களில் இதுதான்.

ஸைத்தூனில் சுமத்ரா சுல்தான் மலிக் ழாஹிரின் கப்பல் ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. இவரை ஏற்கெனவே அறிந்திருந்த சுல்தானின் முகவர் மகிழ்ச்சியோடு ஏற்றிக்கொண்டார். முதல் பத்து நாள் நல்ல காற்று. பிறகு வானம் இருண்டது. பத்து நாள் சூரியனையே காணவில்லை. மாலுமிகளுக்குத் தெரியாத கடலில் 42 நாட்கள் அலைந்தார்கள். 43-ஆம் நாள் விடியலில் தூரத்தில் மலைபோல் ஒன்று தெரிந்தது. அது மேலே எழும்பியதைக் கண்டு ருக் என்னும் ராட்சதப் பறவை என்று மாலுமிகள் அழுது விடைபெற்றுக்கொண்டார்கள். காற்று திசைமாறிக் கப்பலைக் காப்பாற்றியது. கடலில் தோன்றும் கானல் காட்சியாக அது இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் விளக்கம்.

சுமத்ராவில் இரண்டு மாதம் சுல்தானின் விருந்தாளியாக இருந்து, அவர் மகனின் திருமணத்திலும் கலந்துகொண்டார். அடுத்து 40 நாள் பயணத்தில் கொல்லம். ஹிஜ்ரி 747 ரமளானை அங்கே கழித்து, 1347 ஜனவரியில் பெருநாள் தொழுகையைக் கொல்லம் ஜாமிஆ பள்ளியில் தொழுதார். கள்ளிக்கோட்டைக்கு வந்தபோது தில்லிக்குப் போகலாமா என்று மனம் மீண்டும் ஊசலாடியது. அச்சம் வென்றது. அரபுக் கரைக்குக் கப்பலேறி, 28 நாட்களில் இன்றைய ஓமனிலுள்ள ழஃபாரை அடைந்தார். ஹிஜ்ரி 748 முஹர்ரம், அதாவது 1347 ஏப்ரல், மே.

திமிஷ்கில் காத்திருந்த செய்திகள்

ஹுர்முஸ், ஷீராஸ், இஸ்ஃபஹான் வழியாக 1348 ஜனவரியில் பக்தாதை அடைந்தார். அங்கே சந்தித்த மேற்கு நாட்டுக்காரர் ஒருவரிடமிருந்து, 1340-இல் ஸ்பெயினின் தரீஃபாவில் மொரோக்கோப் படை அடைந்த தோல்வியைக் கேள்விப்பட்டார். எட்டு ஆண்டுக்கு முந்தைய செய்தி அது. ஊரிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருந்தார் என்பதற்கு இதுவே அளவுகோல்.

அங்கிருந்து திமிஷ்கு (டமாஸ்கஸ்). இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. முதல் பயணத்தில் அங்கே மணந்த மனைவியைக் கர்ப்பிணியாக விட்டுச் சென்றிருந்தார். மகன் பிறந்ததாக இந்தியாவில் இருந்தபோது தகவல் கிடைத்தது. உடனே குழந்தையின் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகள் அனுப்பினார். இப்போது ஊருக்குள் நுழைந்ததும் அவருடைய ஒரே எண்ணம் அந்த மகன்தான்.

பள்ளிவாசலில் மாலிகி இமாம் நூருத்தீன் ஸகாவியைக் கண்டு ஸலாம் சொன்னார். இமாமுக்கு அடையாளம் தெரியவில்லை. தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு மகனைப் பற்றிக் கேட்டார். பையன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றார் இமாம்.

ழாஹிரிய்யா மத்ரஸாவில் தான்ஜியர்க்காரரான ஆலிம் ஒருவர் தங்கியிருப்பதாகவும் இமாம் சொன்னார். தந்தையையும் குடும்பத்தாரையும் பற்றி விசாரிக்க இப்னு பதூதா அவரைத் தேடிப் போனார். தந்தை வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. தாயார் உயிரோடு இருக்கிறார் என்று அந்தப் பெரியவர் தெரிவித்தார்.

தந்தை மறைந்தபோது இவர் சிந்து நதிக்கரைப் பக்கம் எங்கோ இருந்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் அது தெரியாமலேயே கழிந்தன. இனி அவருக்கென்று ஊரில் இருந்தவர் தாய் ஒருவர்தான்.

கொள்ளைநோயின் வழியே

அந்த ஆண்டுதான் வரலாற்றில் கறுப்பு மரணம் எனப்படும் பிளேக் மத்தியதரைக் கடல் நாடுகளைத் தாக்கியது. எலிகளிலும் அவற்றின் மேல் வாழும் தெள்ளுப் பூச்சிகளிலும் பரவிய அந்தக் கிருமி, கருங்கடல் துறைமுகங்களிலிருந்து கப்பல் வழியாக 1347-இல் இஸ்கந்தரிய்யாவுக்கும் இத்தாலிக்கும் வந்திருந்தது.

1348 ஜூன் தொடக்கத்தில் ஹலபில் (அலெப்போ) இருந்தபோது, கஸ்ஸாவில் (காஸா) ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் இறக்கிறார்கள் என்ற செய்தி இப்னு பதூதாவை எட்டியது. ஹிம்ஸுக்கு வந்த நாளில் அங்கே 300 பேர் இறந்திருந்தார்கள். திமிஷ்கில் ஒரு நாள் இறப்பு 2,400-ஐத் தொட்டதாகக் குறிப்பிடுகிறார்.

1348 ஜூலையில் திமிஷ்கு மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்தார்கள். கடைத்தெருவில் பகலில் யாரும் சமைக்கவில்லை. நோன்பு முடிந்து இரவு முழுதும் பெரிய பள்ளியில் தொழுகையிலும் துஆவிலும் கழித்தபின், ஃபஜ்ரு தொழுதுவிட்டு அமீர்களும் வெறுங்காலுடன் நடக்க, எல்லோரும் ஊருக்கு வெளியே உள்ள பாதச்சுவடுப் பள்ளிக்குச் சென்றார்கள். முஸ்லிம்கள் குர்ஆனைச் சுமந்தார்கள். யூதர்கள் தவ்ராத்தோடும் கிறிஸ்தவர்கள் இன்ஜீலோடும் பெண்கள் குழந்தைகளோடும் உடன் வந்தார்கள். நண்பகல் வரை அழுது மன்றாடினார்கள். பிற நகரங்களோடு ஒப்பிட்டால் திமிஷ்கில் அல்லாஹ் நோயை இலேசாக்கினான் என்பது இப்னு பதூதாவின் எண்ணம்.

பைத்துல் முகத்தஸில் நோய் ஓய்ந்திருந்தது. அங்குள்ள கதீப் ஒரு விருந்துக்கு இவரை அழைத்தார். ஜனாஸாத் தொழுகை இல்லாத ஒரு நாள் கழிந்தால் விருந்து வைப்பதாக அவர் நேர்ச்சை செய்திருந்தாராம். முந்தைய நாள்தான் அப்படி ஒரு நாளாக அமைந்தது. இவர் முன்பு அறிந்திருந்த பெரியவர்கள் பெரும்பாலோர் அங்கே இறந்துபோயிருந்தார்கள்.

கஸ்ஸா வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே நீதிமன்றச் சாட்சிகளாக இருந்த 80 பேரில் கால்வாசிப் பேரே மிஞ்சியதாகக் காழி சொன்னார். கெய்ரோவில் நோயின் உச்சத்தில் ஒரு நாளில் 21,000 பேர் இறந்ததாகக் கேள்விப்பட்டார். எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. பேரழிவு நடந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவர் அறிந்திருந்த ஷைகுகள் ஒருவரும் கெய்ரோவில் உயிரோடு இல்லை.

கடைசி ஹஜ்ஜும் மத்தியதரைக் கடலும்

எகிப்திலிருந்து அவர் நேரே மேற்கே போகவில்லை. செங்கடலைக் கடந்து 1348 நவம்பரில் மக்காவை அடைந்து, 1349 தொடக்கத்தில் ஹஜ்ஜை நிறைவேற்றினார். மதீனா சென்று ஜியாரத் முடித்துக் கெய்ரோ திரும்பினார். பிறந்த மண்ணின் நினைவும் குடும்பத்தார், நண்பர்கள் மீதான பாசமும் தம்மை ஊருக்கு இழுத்ததாக இந்த இடத்தில் எழுதுகிறார்.

ஹிஜ்ரி 750 ஸஃபர் மாதம் (1349 ஏப்ரல், மே) தூனிஸ்காரர் ஒருவரின் சிறு கப்பலில் ஏறி ஜெர்பா தீவில் இறங்கினார். அவரை இறக்கிவிட்டுச் சென்ற அந்தக் கப்பல் எதிரிகளிடம் பிடிபட்டது. காபிஸ், ஸஃபாக்கிஸ் வழியாகத் தூனிஸ் சேர்ந்தபோது நகரம் முற்றுகையில் இருந்தது. அங்கே மொரோக்கோ சுல்தான் அபுல் ஹஸன் இவரை வரவழைத்து, கண்ட நாடுகளைப் பற்றி விசாரித்தார். 36 நாட்கள் தங்கினார்.

அடுத்து ஸ்பெயினின் கேட்டலான் கிறிஸ்தவர்களின் கப்பலில் புறப்பட்டார். கப்பல் சார்தீனியாத் தீவில் நின்றது. தீவிலுள்ள சிலர் பின்தொடர்ந்து வந்து பயணிகளைச் சிறைப்பிடிக்கத் திட்டமிடுவதாகத் தகவல் வந்தது. தப்பித்தால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்பதாக நேர்ச்சை செய்தார். பத்து நாளில் பத்திரமாக அல்ஜீரியக் கரையின் தெனிஸில் இறங்கினார்.

தாஸாவில் கேட்ட செய்தி

இனி தரைவழிதான். திலிம்ஸானில் ஷைகு அபூ மத்யன் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை ஜியாரத் செய்தார். வழியில் கொள்ளையர் கூட்டம் ஒன்று மறித்தது. எதிர்த்து நின்று சமாதானம் பேசித் தப்பினார்கள். பிறகு மொரோக்கோவின் தாஸா நகரம். தான்ஜியருக்கு இன்னும் சில நாள் வழிதான் மிச்சம்.

அங்கேதான் தாயாரின் மரணச் செய்தி கிடைத்தது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சிரியாவிலும் எகிப்திலும் அவர் கடந்து வந்த அதே கொள்ளைநோய், கடல் வழியாக அவரை முந்திக்கொண்டு மொரோக்கோவை அடைந்து தாயாரைக் கொண்டுபோயிருந்தது. இருபது மாதங்களுக்கு முன் திமிஷ்கில் உயிரோடு இருக்கிறார் என்று கேட்ட தாய்.

ஹிஜ்ரி 750 ஷஅபான் இறுதியில், 1349 நவம்பரில், ஃபாஸ் நகருக்குள் நுழைந்தார். சுல்தான் அபூ இனானைக் கண்ட பிறகு தான்ஜியர் சென்று தாயாரின் கப்ரை ஜியாரத் செய்தார். நூலில் இந்தச் செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அரண்மனைகளைப் பக்கம் பக்கமாக வர்ணித்தவர் இங்கே எதையும் விவரிக்கவில்லை. அங்கிருந்து செப்தாவுக்குச் சென்று பல மாதம் நோயில் கிடந்தார்.

அதற்குப் பிறகு

நலம்பெற்றதும் அந்தலூஸுக்கும், 1352-இல் சஹாராவைக் கடந்து மாலி பேரரசுக்கும் சென்றார். 1354-இல் திரும்பியதும் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, தம் நினைவுகளை இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 1355 டிசம்பர் 9 அன்று முடிந்த அந்த நூலே ‘ரிஹ்லா’. பிறகு மொரோக்கோவில் காழியாகப் பணியாற்றி, 1368-69 வாக்கில் இப்னு பதூதா வஃபாத்தானார் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவில் கிடைத்த கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டு, 1853-58-இல் பாரிஸில் முழு அரபு மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் நான்கு பாகங்களாக வெளியாயின.

நூலில் சொன்ன அனைத்தும் நேரில் கண்டவைதானா என்ற கேள்வி உண்டு. சீனாவின் உள்பகுதிகளுக்கு அவர் உண்மையில் சென்றாரா என்று சில ஆய்வாளர்கள் ஐயம் எழுப்புகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னதால் சில தேதிகள் பொருந்துவதில்லை. சில நகர வர்ணனைகள் முன்னோரான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை. மதுரை சுல்தானகம், மாலத்தீவு, மாலி ஆகியவற்றுக்கு அவருடைய பதிவு இன்றும் முதன்மைச் சான்றாக மதிக்கப்படுகிறது.

திரும்பும் வழி: கால வரிசை

- 1346: ஸைத்தூனிலிருந்து புறப்பாடு, சுமத்ராவில் இரண்டு மாதம்
- 1347 ஜனவரி: கொல்லத்தில் நோன்புப் பெருநாள்
- 1347 ஏப்ரல், மே: ழஃபார்
- 1348 ஜனவரி: பக்தாத், அடுத்துத் திமிஷ்கில் மகன், தந்தை மரணச் செய்திகள்
- 1348 ஜூன், ஜூலை: ஹலப், ஹிம்ஸ், திமிஷ்கு, கொள்ளைநோய்
- 1348 நவம்பர்: மக்கா
- 1349 தொடக்கம்: ஹஜ்
- 1349 ஏப்ரல், மே: ஜெர்பா நோக்கிக் கடல் பயணம்
- 1349 நவம்பர்: தாஸா வழியாக ஃபாஸ்; பின்னர் தான்ஜியர்

நமக்கு

பயணம் மனிதனின் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை. போன காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை ஸஹீஹான ஹதீஸ்களில் வந்திருக்கிறது. இப்னு பதூதா அதை அறியாதவர் அல்லர், காழியாக இருந்தவர். சுல்தானின் மீதான பயம், பருவக்காற்று, கொள்ளைநோய், ஹஜ் ஆசை, இன்னும் ஓர் ஊரைப் பார்க்கும் ஆவல் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தாமதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எதையும் பொய்க் காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லாம் சேர்ந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

அவருடைய காலத்தில் ஊர்ச் செய்தி வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆனது. இன்று நமக்குச் செய்தி ஒரு நொடியில் வந்துவிடுகிறது. விமானம் ஒரே நாளில் ஊரில் இறக்கிவிடுகிறது. ஒப்பந்தம் முடியட்டும், வீட்டு வேலை முடியட்டும், மகளின் கல்யாணம் முடியட்டும் என்று நாம் சொல்லும் காரணங்களும் நியாயமானவையே. ஊரில் காத்திருக்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. விடுப்புக்கு விண்ணப்பிக்கும் நாளை முடிவு செய்யும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருப்போர் அனைவரையும் அல்லாஹ் நலமாகவும், பெற்றோர் முகம் காணும் காலத்திலும் ஊர் சேர்ப்பானாக.